நிலம் நிலைத்தால் சந்தை நிலைக்கும்: பிரான்ஸ் நாட்டுக் கிராமப்புறங்கள் காட்டும் பாடம்

பிரான்ஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பாரிஸ் மாநகரமும், அங்கு போய்ச் சேர்ந்த உறவினரும், லாச்சப்பல் கடைத்தெருவுமேயாகும். எமது பிள்ளைகள் பலர் அந்நாட்டு உணவகங்களின் சமையலறைகளிலே கோப்பை கழுவுவதில் தொடங்கிச் சமையற்காரராக உயர்ந்தவர்கள். 2023 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் மிகச் சிறந்த 'பகெத்' பாணுக்கான போட்டியில் முதலிடம் பெற்றவரும் இலங்கையிலிருந்து சென்ற தர்ஷன் செல்வராஜா என்பவரே. ஆனால் அந்தப் பாணுக்கு வேண்டிய கோதுமையும், அதனோடு உண்ணும் பாற்கட்டியும், இறைச்சியும், மரக்கறியும் விளைகின்ற பிரெஞ்சுக் கிராமப்புறத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அக்கிராமப்புறத்துச் சந்தைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். தமது வயலை இன்னமும் தூரத்தில் நின்று பார்க்கின்ற குடும்பங்களுக்கு, பிறநாட்டார் உண்டு மகிழும் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் அந்த மகிழ்ச்சி உண்பவரின் கதை மட்டுமன்று. விளைவிப்பவர் தம் நிலத்திலே நிலைத்து நின்றதன் கதையும், நிற்க முடியாமற் போனவர்களின் கதையும் அதற்குள்ளே இருக்கின்றன. ஆகவே அது கமக்காரராகிய உங்களுக்கு அந்நியமான விடயமன்று.

சந்தை நாள்

பிரான்சின் சிறு நகரம் ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு சந்தை நாள் உண்டு. ஓர் ஊருக்குத் திங்கள் என்றால் பக்கத்து ஊருக்குப் புதன், அடுத்த ஊருக்குச் சனி. நாட்கள் ஒன்றோடொன்று மோதாதபடி இருப்பதால், ஒரே கமக்காரர் கிழமையில் இரண்டு மூன்று ஊர்களிற் கடை விரிக்கலாம். காலையில் தொடங்கும் சந்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும். இடத்துக்கான கட்டணத்தை ஊர் நகரசபைக்குச் செலுத்த வேண்டும். அதை அறவிடவும் இடங்களைப் பிரித்துக் கொடுக்கவும் ஓர் அலுவலர் வருவார்.

தென்மேற்குப் பகுதியில் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் நூற்றுக்கணக்கான புதிய ஊர்கள் திட்டமிட்டு நிறுவப்பட்டன. அவற்றின் நடுவிலே கோயிலுக்கு முன்பாகச் சந்தைச் சதுக்கத்துக்கே இடம் ஒதுக்கினார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1284 இல் நிறுவிய மொன்பாசியே அவற்றுள் ஒன்று. அச்சதுக்கத்திலுள்ள மரக் கொட்டகையில் பழைய தானிய அளவைப் பாத்திரங்களை இன்றும் காணலாம். விற்பவரும் வாங்குபவரும் ஐயமின்றி அளந்துகொள்வதற்காக ஊர்ப் பொதுவில் வைக்கப்பட்டவை அவை. வியாழக்கிழமைகளில் அங்கு இன்றும் சந்தை கூடுகின்றது.

வடகிழக்காகச் சென்றால் லூஆன் என்னும் ஊரின் திங்கட்கிழமைச் சந்தை. அது கோழிக்குப் பேர்போனது. அப்பகுதியின் 'பிரெஸ்' கோழி வெள்ளை இறகும் சிவந்த கொண்டையும் நீலக் காலும் உடையது. 1957 முதல் அப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கோழி ஒன்றுக்குக் குறைந்தது 10 சதுர மீற்றர் புற்றரை விடப்பட வேண்டும் என்பதும் விதி. தெற்கே லால்பங்க் என்ற சிற்றூரில் மாரிகாலச் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும் சந்தை இன்னொரு வகை. ஓக் மரங்களின் வேரை அண்டி மண்ணுக்குள் விளையும் 'ட்ரஃபிள்' என்னும் கரிய காளானே அங்கு விற்பனைப் பொருள். நாய்களையோ பன்றிகளையோ மோப்பம் பிடிக்கப் பழக்கி, அவற்றின் உதவியுடன் அதைத் தோண்டி எடுப்பர். சந்தையிலே கமக்காரர் தம் கூடைகளை முன்னால் வைத்து வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கும் வாங்க வந்தவர்களுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். குறித்த நேரம் வந்து கயிறு அவிழ்க்கப்படும் வரை வியாபாரம் நடவாது. பெரிய வியாபாரி முந்திக்கொண்டு வந்து ஒருவரை மட்டும் ஓரமாக அழைத்துச் சென்று விலை பேச இயலாது. ஒரு முழக் கயிறு எத்தனை பெரிய வேலையைச் செய்கிறது பாருங்கள்!

இச்சந்தைகளில் வாங்குபவர் அவசரப்படுவதில்லை. பாற்கட்டியை வெட்டிக் கொடுத்தால் சுவைத்துப் பார்க்கிறார். "இன்றைக்குச் சமைக்கவா, நாளைக்கா?" என்று பழம் விற்பவர் கேட்டு, அதற்கேற்ற பழுப்பில் எடுத்துத் தருகிறார். ஸ்ரோபெரிப் பழம் முடிந்துவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டியதுதான். எந்த மாதத்தில் எது விளையும் என்பதை நகரத்துப் பிள்ளையும் சந்தையிலே படிக்கிறது. கமக்காரருக்கும் அங்கு பாடம் உண்டு. தன் கரட்டை வாங்கிச் சென்றவர் அடுத்த கிழமை வந்து சொல்லும் நல்லதையும் கெட்டதையும் அவர் நேரே கேட்கிறார். லொறியில் ஏற்றி அனுப்பிய பொருளைப் பற்றி எவரும் அவருக்கு அப்படிச் சொல்லப்போவதில்லை.

பொருளின் பெயரிலே ஊரின் பெயர்

அங்கு நாம் கவனிக்க வேண்டிய மற்றொரு விடயம், பொருள்களுக்கு இடப்பட்டுள்ள பெயர்கள். ரொக்போர் என்பது ஒரு பாற்கட்டியின் பெயர். ஊரின் பெயரும் அதுவே. 1925 இல் அப்பெயரைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. லக்கோன் இனச் செம்மறியின் காய்ச்சாத பாலிலே செய்து, அவ்வூர் மலையின் இயற்கைக் குகைகளில் முதிரவைத்ததற்கே அப்பெயரைச் சூட்டலாம். 1935 இல் திராட்சை இரசங்களுக்கும் இவ்வாறான பொது ஒழுங்கு ஏற்படுத்தப்பட்டது.

கிழக்கே ஜூரா மலைப்பகுதியில் செய்யப்படும் கொந்தே பாற்கட்டியின் கதை கூட்டுறவை நம்புகிறவர்கள் அறிய வேண்டியது. ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டைச் செய்ய 400 லீற்றர் பால் வேண்டும். நாலைந்து பசு வைத்திருந்த ஒரு குடும்பத்தால் ஒரு நாளில் அத்தனை பாலைச் சேர்க்க முடியாது. ஆகவே அயலவர் தத்தம் பாலை ஓரிடத்திற் கொண்டுவந்து சேர்த்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்பழக்கத்துக்குச் சான்று உண்டு. இன்றும் ஊருக்கு ஊர் கூட்டுறவுப் பாற்கட்டிச் சாலைகள் இயங்குகின்றன. பால் தொலைவிலிருந்து வரக்கூடாது; பசுவுக்குப் புளிக்கவைத்த தீவனம் கொடுக்கக்கூடாது; குறைந்தது 120 நாள் முதிரவைக்க வேண்டும் என்பன விதிகள். தனித்தனியே பாலை விற்றிருந்தால் ஆலைக்காரர் சொன்ன விலையைத்தான் வாங்கியிருப்பார்கள். சேர்ந்து நின்றதால் மலைச்சரிவிலே சிறு பண்ணைகள் பிழைத்துக் கிடக்கின்றன.

ஊரின் பெயர் சட்டத்தால் காக்கப்படும்போது, அப்பொருளை வேறிடத்தில் மலிவாகச் செய்து அதே பெயரில் விற்க எவராலும் முடியாது. பெயர் கமக்காரரின் கையிலே ஒரு முதலாகிறது. அந்த முதலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அது நிலத்தோடு கட்டுண்டது.

சாப்பாட்டுக் கடையும் ஒரு வயலே

சந்தை முடிந்ததும் மக்கள் சாப்பிடப் போகிறார்கள். சிற்றூர் உணவகங்களில் பெரும்பாலும் நீண்ட பட்டியல் இருக்காது. அன்றைக்கு என்ன சமைத்தார்களோ அதைக் கரும்பலகையில் எழுதி வெளியே வைத்திருப்பார்கள். முதலில் ஒரு சூப்போ மரக்கறியோ, பின்னர் இறைச்சி அல்லது மீன், அதன்பின் பாற்கட்டி அல்லது இனிப்பு என்று வரிசையாக வரும். பாணும் ஒரு குடுவைத் தண்ணீரும் காசின்றிக் கொடுக்கப்படும். மேசன், லொறிச் சாரதி, தபாற்காரர், நகரசபைத் தலைவர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் அமர்ந்திருப்பார்கள். மத்தியானம் கடந்து வருபவருக்குச் சமையலறை மூடிவிட்டது என்ற பதிலே கிடைக்கும். அது மரியாதைக் குறைவன்று. சாப்பாட்டுக்கு நேரம் உண்டு என்பதும், சமைத்தவருக்கும் ஓய்வு வேண்டும் என்பதும் அங்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு.

கமக்காரரே உணவகம் நடத்தும் முறையும் உண்டு. அல்சாஸ் பகுதியின் வோஜ் மலைகளில் கோடையில் மாடுகளை மேய்ச்சலுக்கு மேலே கொண்டுசெல்லும் குடும்பங்கள், அங்கு நடந்து வருபவர்களுக்குச் சாப்பாடு போடுகின்றன. இறைச்சி வைத்துச் சுட்ட ஒரு பணியாரம், வெண்ணெயில் மெதுவாக வேகவைத்த உருளைக்கிழங்கும் புகையூட்டிய பன்றி இறைச்சியும், தம் பாலிலே செய்த மன்ஸ்டர் பாற்கட்டி, முடிவில் காட்டுப்பழ இனிப்பு. மேசைக்கு வருவதிற் பெரும்பகுதி அந்தப் பண்ணையிலிருந்தே வரவேண்டும் என்பதே அவ்வகைப் பண்ணை உணவகங்களின் அடிப்படை. பாலை லீற்றர் கணக்கில் விற்றால் கிடைக்கும் வருமானமும், அதையே பாற்கட்டியாக்கி ஒரு சாப்பாட்டோடு பரிமாறினால் கிடைக்கும் வருமானமும் ஒன்றல்ல. சமையலறையும் ஒரு வயலே என்று நாம் சொல்வது இதனாற்றான். அவ்வயலில் உழைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் மறக்கலாகாது.

பிரெஞ்சு மக்களின் விருந்துண்ணும் முறையை யுனெஸ்கோ நிறுவனம் 2010 இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. பகெத் பாணைச் செய்யும் கைத்திறன் 2022 இல் அப்பட்டியலிற் சேர்ந்தது. இவை பெருமைக்குரியவையே. எனினும், பட்டியலில் பெயர் இருப்பதால் ஒரு கமக்காரரின் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

லார்சாக்: வெளியேற மறுத்தவர்கள்

இங்குதான் நாம் சொல்ல வந்த முக்கிய விடயத்துக்கு வருகிறோம். ரொக்போர் பாற்கட்டிக்குப் பால் கொடுக்கும் செம்மறிகள் மேயும் இடங்களில் ஒன்று, தென் பிரான்சிலுள்ள லார்சாக் என்னும் கற்பாங்கான மேட்டு நிலம். அங்கு ஏற்கெனவே 3,000 ஹெக்டேயர் பரப்பில் ஓர் இராணுவ முகாம் இருந்தது. 1971 ஒக்டோபரில் அதனை 17,000 ஹெக்டேயராக, அதாவது ஏறத்தாழ 42,000 ஏக்கராக விரிவாக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பண்ணைக் குடும்பங்கள் நிலத்தை இழக்கும் நிலை. அது வெறும் கல்லும் புல்லும் என்றும், அங்கு இருப்பவர்கள் சிலரே என்றும் நியாயம் கூறப்பட்டது. இத்தகைய நியாயங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு நாம் விளக்கம் கூறத் தேவையில்லை.

1972 மார்ச்சில் 103 கமக்காரர்கள் தம் நிலத்தை விற்கமாட்டோம் என்று ஒன்றாக உறுதி எடுத்துக் கையொப்பமிட்டனர். காந்தியடிகளின் சீடரான லான்சா டெல் வாஸ்தோ அங்கு வந்து உண்ணா நோன்பிருந்தார். அவ்வருடம் ஒக்டோபரிலே கமக்காரர் தம் செம்மறிகளைப் பாரிசுக்குக் கொண்டுசென்று ஈபெல் கோபுரத்தின் அடியில் மேயவிட்டனர். அனுமதி மறுக்கப்பட்ட இடத்திலே, நாடெங்குமிருந்து வந்த தொண்டர்களின் கையுதவியோடு ஒரு பெரிய ஆட்டுத் தொழுவத்தைக் கல்லாற் கட்டினர். பத்து ஆண்டுகள் இழுபட்ட பின்னர், 1981 இல் ஜனாதிபதியாகத் தெரிவான பிரான்சுவா மித்ரோன் அத்திட்டத்தைக் கைவிட்டார். முகாமுக்கென அரசு முன்னரே வாங்கிவிட்ட ஏறத்தாழ 6,300 ஹெக்டேயர் நிலத்தின் நிருவாகம் 1985 இல் அங்குள்ளவர்களின் பொதுச் சங்கம் ஒன்றிடம் நீண்டகாலக் குத்தகையாக ஒப்படைக்கப்பட்டது. 2013 இல் அக்குத்தகை 2083 ஆம் ஆண்டு வரை நீடிக்கப்பட்டது. நிலம் தனியாருக்குச் சொந்தமல்ல. உழைக்கும் காலம் வரை பயன்படுத்தலாம், ஓய்வு பெறும்போது அடுத்த இளம் குடும்பத்துக்கு விடவேண்டும்.

இன்று கோடை காலப் புதன்கிழமை மாலைகளில் அம்மேட்டு நிலத்தின் மொன்றதோன் என்னும் குக்கிராமத்திலே கமக்காரர் சந்தை கூடுகின்றது. வந்தவர்கள் பாற்கட்டியும் பாணும் சுட்ட ஆட்டிறைச்சியும் வாங்கி, நீண்ட மேசைகளில் முன்பின் அறியாதவர்களோடு அமர்ந்து உண்கிறார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அந்த மேசையின் மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? 1971 இல் வரைந்த படத்தின்படி எல்லாம் நடந்திருந்தால், அங்கு முள்வேலி இருந்திருக்கும். சந்தை இருந்திராது. நல்ல சாப்பாட்டுக்குப் பின்னால் நல்ல சமையற்காரர் இருக்கிறார் என்று சொல்வார்கள். அவருக்கும் பின்னால், நிலத்தை விட்டு அகற்றப்படாத ஒரு குடும்பம் இருக்கிறது என்று நாம் சேர்த்துச் சொல்வோம்.

இக்கமக்காரர் அதன்பின் வேறொன்றையும் எதிர்கொண்டனர். ஹோர்மோன் ஏற்றி வளர்த்த மாட்டிறைச்சியை ஐரோப்பா வாங்க மறுத்ததற்குப் பதிலாக, அமெரிக்கா 1999 இல் ரொக்போர் உட்படப் பல பொருள்களுக்கு 100 வீதத் தீர்வை விதித்தது. அவ்வருடம் ஆகஸ்ட் மாதம் லார்சாக் பகுதியைச் சேர்ந்த ஜொசே பொவேயும் தோழரும் மியோ நகரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மக்டொனால்ட்ஸ் உணவகத்தின் பகுதிகளைக் கழற்றியெடுத்தனர். பொவே அதற்காகச் சிறை சென்றார். பிறருடைய கட்டடத்திற் கைவைத்த அச்செயல் சரியா என்று வாதிடலாம். ஆனால் கடல் கடந்த ஒரு தலைநகரில் எடுக்கும் முடிவு மலைமேட்டு ஆட்டுப்பட்டியின் வருமானத்தை ஒரே நாளில் தாக்கும் என்ற உண்மையை உலகம் அன்று அறிந்துகொண்டது.

வேரறுந்து வந்தவர்களும் சந்தையும்

நிலைத்து நின்றவர்கள் மட்டுமே இச்சந்தைகளை ஆக்கினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. முதலாம் உலகப் போரிற் பெருந்தொகையான இளைஞர்களை இழந்து தரிசாகக் கிடந்த தென்மேற்குப் பண்ணைகளை, 1920களில் இத்தாலியிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் மீண்டும் உழுதன. 1939 செப்ரெம்பரில் போர் தொடங்கியபோது, ஜெர்மனிய எல்லையோர ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் முழுவதும் காலியாக்கப்பட்டது. அந்நகரத்தவரும் அயற் கிராமத்தவரும் ரயிலில் ஏற்றப்பட்டு, நாட்டின் மறுகோடியான தோர்தோன் மாவட்டத்தில் இறக்கப்பட்டனர். பேச்சு வேறு, சமையல் வேறு, அடுப்பே வேறு. வந்தவரும் வரவேற்றவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளக் காலம் எடுத்தது.

இவற்றிலும் எம் நெஞ்சைத் தொடுவது லொத் எ கறோன் மாவட்டத்துச் செந்த் லிவ்ராட் ஊரின் கதையாகும். இந்தோசீனப் போர் முடிந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த வியட்நாமியக் குடும்பங்கள் 1956 இல் அங்கு கொண்டுவரப்பட்டன. பழைய இராணுவக் கொட்டில்களே அவர்களின் வீடுகள். சில மாதங்களுக்கு என்று சொல்லப்பட்டது பல பத்தாண்டுகளாக நீண்டது. அவர்கள் அயல் வயல்களிற் போஞ்சிக்காய் ஆய்ந்து பிழைத்தார்கள். பிள்ளைகளும் பெற்றோரோடு குனிந்து ஆய்ந்தனர். வசதியின் அடையாளங்கள் வீட்டிற் காணப்பட்டால் முகாமை விட்டு வெளியேற வேண்டும் என்று 1959 இல் ஓர் ஆணையும் பிறந்தது. முன்னேறினால் தண்டனை என்ற அந்த விதியின் கொடுமையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆயினும் அப்பெண்கள் கொட்டில்களின் ஓரத்திலே சிறு பாத்திகள் கட்டித் தம் நாட்டுக் கீரைகளையும் வாசனை இலைகளையும் வளர்த்தனர். முகாமுக்குள்ளே சிறு பலசரக்குக் கடைகள் தோன்றின. காலப்போக்கில் அயலூர்ப் பிரெஞ்சுக்காரரும் அங்கு வந்து அரிசியும் சோஸ் வகைகளும் வாங்கினர். இன்று பிரான்சின் ஊர்ச் சந்தை பலவற்றில், பாற்கட்டிக் கடைக்குப் பக்கத்திலே 'நெம்' எனப்படும் வியட்நாமியப் பொரித்த சுருள்கள் விற்கப்படுவதைக் காணலாம். அதுபோல, லாவோசிலிருந்து அகதிகளாக வந்த மொங் இனக் குடும்பங்கள் தெற்கே நீம் நகரைச் சுற்றி மரக்கறித் தோட்டக்காரராக நிலைபெற்றன.

இடம்பெயர்ந்தவர் நிலத்தை இழக்கலாம், பொருளை இழக்கலாம். விதை தெரிந்த கையும் பதம் தெரிந்த நாக்கும் கூடவே வருகின்றன. ஆனால் இதைச் சாட்டாக வைத்து, இழந்த நிலத்துக்கு இது ஈடு என்று எவரும் சொல்ல நாம் இடங்கொடுக்கக் கூடாது. செந்த் லிவ்ராட் கடைகளின் வாசனை இனியதுதான். அக்குடும்பங்கள் காத்திருந்த ஆண்டுகளை அது திருப்பித் தராது.

மறுபக்கமும் உண்டு

பிரான்சில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். 1963 இல் பாரிசுக்கு அருகே கார்ஃபூர் நிறுவனம் ஒரே கூரையின்கீழ் எல்லாம் விற்கும் முதலாவது பெருங்கடையைத் திறந்தது. அதன்பின் ஒவ்வொரு நகரத்தின் ஓரத்திலும் அத்தகைய கடைகள் எழுந்தன. 1970 இல் ஏறத்தாழ 16 இலட்சமாக இருந்த பண்ணைகள் 2020 கணக்கெடுப்பில் 3 இலட்சத்து 90 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. பண்ணை நடத்துவோரில் 43 வீதத்தினர் 55 வயதையோ அதற்கு மேலோ அடைந்தவர்கள். அவர்களுக்குப் பின் யார் என்பது பெருங்கேள்வி. 1960 இல் சுமார் 2 இலட்சமாக இருந்த கோப்பிக்கடைகள் இன்று ஏறக்குறைய 40 ஆயிரமே. கோப்பிக்கடை மூடப்பட்ட ஊரில் மனிதர் சந்தித்துப் பேச இடமில்லாமற் போகிறது.

சந்தைகளிலும் ஏமாற்று உண்டு. கூடையும் வைக்கோலும் வைத்து அலங்கரித்திருப்பவர் எல்லாரும் கமக்காரர் அல்லர். மொத்தச் சந்தையில் விடியற்காலையில் வாங்கிவந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படியான தொழிலே. ஆனால் கமக்காரர் வேடம் போடுவது நேர்மையன்று. உணவகங்களிலும் தொழிற்சாலையில் சமைத்து உறையவைத்ததைச் சூடாக்கிப் பரிமாறும் வழக்கம் பரவியது. இதனால் 2014 இல் 'வீட்டுச் சமையல்' என்னும் அடையாளம் சட்டத்தாற் கொண்டுவரப்பட்டது. கூரை போன்ற மூடியுள்ள ஒரு சட்டியே அதன் சின்னம். உறையவைத்த பச்சை மரக்கறியையும் அது அனுமதித்ததால் குறை கூறுவோரும் இருந்தனர். 2022 முதல் உணவகங்கள் மாட்டிறைச்சிக்கு மட்டுமன்றிப் பன்றி, ஆடு, கோழி இறைச்சிகளுக்கும் அவை வந்த நாட்டைத் தெரியப்படுத்த வேண்டும்.

2024 ஜனவரியில் பிரெஞ்சுக் கமக்காரர் உழவு இயந்திரங்களைக் கொண்டு பெருந்தெருக்களை மறித்தனர். ஊர்ப் பெயர்ப்பலகைகளைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினர். சாப்பாட்டுக்குப் புகழ்பெற்ற நாட்டிலே சாப்பாட்டை விளைவிப்பவர் தெருவிலே நிற்கவேண்டி வந்தது. இந்த முரண்பாட்டைச் சந்தை பார்க்கச் செல்லும் உல்லாசப் பயணி பெரும்பாலும் காண்பதில்லை.

நம்பிக்கை தருவனவும் இல்லாமல் இல்லை. 2020 கணக்கின்படி 23 வீதமான பண்ணைகள் தம் விளைச்சலின் ஒரு பகுதியையாவது நேரடியாகவோ, ஒரேயொரு இடையாள் மூலமாகவோ விற்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன் அது 17 வீதம். 2001 இல் மார்செய் நகருக்கு அண்மையிலுள்ள ஒபாஞ்சில் ஒரு புதிய முறை தொடங்கியது. நகரத்துக் குடும்பங்கள் ஒரு கமக்காரரின் பருவ விளைச்சலுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து, கிழமைதோறும் ஒரு கூடை மரக்கறியைப் பெற்றுக்கொள்கின்றன. கல்மழை பெய்து பயிர் அழிந்தால் இழப்பிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அது பின்னர் நாடெங்கும் பரவியது. பாடசாலை போன்ற பொது நிறுவனங்களின் சாப்பாட்டில் பாதி தரமான, நீடித்த முறையில் விளைந்த பொருளாகவும், அதில் 20 வீதம் இயற்கை முறையில் விளைந்ததாகவும் இருக்க வேண்டும் என்று 2018 இல் இயற்றிய சட்டம் 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுதியபடி எல்லா இடத்திலும் நடக்கவில்லை என்றாலும், பிள்ளையின் தட்டையும் கமக்காரரின் வயலையும் சட்டமே இணைத்துப் பார்த்தது நல்ல தொடக்கம்.

எமது கருத்து

உண்டு மகிழ்வது பாவமோ ஆடம்பரமோ அன்று. வெயிலிற் காய்ந்து ஒருவர் விளைவித்ததை இன்னொருவர் அமைதியாக அமர்ந்து சுவைத்து, "நன்றாக இருக்கிறது" என்று சொல்வது உழைப்புக்குச் செய்யும் மரியாதை. அந்த மரியாதை நிலைக்க மூன்று தேவை என்பதைப் பிரெஞ்சுக் கிராமங்கள் காட்டுகின்றன. முதலாவது, விளைவிப்பவரும் உண்பவரும் முகம் பார்த்துப் பேசக்கூடிய இடம். அதற்கு ஊர்ப்பொதுவான அளவையும் ஒழுங்கும். இரண்டாவது, தனித்து நின்றால் ஏமாற்றப்படுவோர் பாலையும் பெயரையும் பலத்தையும் சேர்த்துக்கொள்ளும் கூட்டுறவு. மூன்றாவதே எல்லாவற்றுக்கும் அடித்தளம்: கமக்காரரை அவர் நிலத்திலிருந்து அகற்றாதிருத்தல்.

முதல் இரண்டையும் மனிதர் எங்கிருந்தும் தொடங்கலாம். முகாமின் ஓரத்துப் பாத்தியிலிருந்தும் அவை தொடங்கியதை நாம் கண்டோம். உங்களிற் பலர் இதைப் பிறர் சொல்லக் கேட்குமுன்னரே செய்து காட்டியவர்கள். மூன்றாவதைச் செய்ய வேண்டியவர்கள் ஆட்சியிலும் அதிகாரத்திலும் இருப்பவர்கள். சந்தைக் கட்டடம் கட்டித் தருகிறோம், தராசு தருகிறோம், பயிற்சி தருகிறோம் என்று எவர் சொன்னாலும் அவற்றை நன்றியோடு ஏற்போம். ஆனால் லார்சாக் மேட்டிலே அந்த நீண்ட மேசைகளைப் போட முடிந்தது தராசு கிடைத்ததால் அல்ல, நிலம் அவர்களிடமே இருந்ததால் என்பதை, தருகிறவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லி வைப்போம்.